மணலா, சேறா? கோலாலம்பூரிலிருந்து கடற்கரைக்குக் கிளம்புமுன் பார்க்க வேண்டியவை

கோலாலம்பூரில் இருப்பவர்களுக்குக் கடல் ஒன்றும் தூரமில்லை. கிள்ளானைத் தாண்டினால் கடல்தான். ஆனால் அங்கே இருப்பது துறைமுகமும் பாக்காவ் காடும் (அலையாத்திக் காடு). பாய் விரித்து உட்கார, பிள்ளைகள் பள்ளம் தோண்டி விளையாட மணல் வேண்டுமென்றால் தெற்கே இறங்க வேண்டும்: மோரிப், பாகான் லாலாங், போர்ட்டிக்சன் (சுருக்கமாக 'பிடி'). காலையில் போய் மாலையில் திரும்ப இந்த மூன்றும் போதும்.

இவற்றைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். "மோரிப்பா? முழங்கால் வரைக்கும் சேறு" என்பார் சித்தப்பா. "நாங்க போனப்ப தண்ணி சுவர் வரைக்கும் இருந்துச்சே" என்பார் அத்தை. இருவரும் உள்ளதைத்தான் சொல்கிறார்கள். ஒரே கரையில் ஒரே நாளில் காலையில் ஒன்றும் மத்தியானம் வேறொன்றும் பார்க்கலாம். அதனால் குடும்ப வாட்சாப் குழுவில் யாராவது "சனிக்கிழமை பிடி போலாமா?" என்று ஆரம்பித்தால், உடனே இடத்தைப் பற்றி வாதம் பண்ணாதீர்கள். அன்றைக்குக் கடல் எப்போது ஏறுகிறது என்று பாருங்கள். இடம் அப்புறம்.

காரணம் இதுதான். நம் மேற்குக் கரைக்கு எதிரே சுமத்ரா தீவு மறித்துக்கொண்டு கிடக்கிறது. பெரிய அலைகள் இந்தப் பக்கம் வருவதில்லை. கிள்ளான் ஆறும் லங்காட் ஆறும் வண்டலைக் கொண்டுவந்து கொட்டுகின்றன. அடித்துக்கொண்டு போக வலுவான அலை இல்லாததால் அது கரையோரத்திலேயே படிந்துவிடுகிறது. மேலே ஒரு பட்டை மணல், அதற்குக் கீழே சரிவே தெரியாத சேற்றுப் பரப்பு. கடல் ஏறியிருக்கும்போது சேறு தண்ணீருக்கு அடியில் போய்விடும். வற்றியதும் எல்லாம் வெளியே வந்துவிடும்.

இதில் மாட்டிக்கொண்டவர்களில் ஒரு ராணுவமும் உண்டு. 1945 செப்டம்பர் 9ஆம் தேதி பிரிட்டிஷ் இந்தியப் படை மோரிப் கரையில் இறங்கியது. ஜப்பான் ஏற்கெனவே சரணடைந்துவிட்டதால் எதிர்த்துச் சுட ஆளில்லை. ஆனாலும் வண்டிகள் பல கரையேற முடியாமல் புதைந்து நின்றுவிட்டன. அந்தத் தரையிறக்கத்துக்கு மோரிப்பில் நினைவுச் சின்னம் இருக்கிறது. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அப்படியே உங்கள் காரையும் ஈர மணலில் இறக்காமல் தார் போட்ட இடத்திலேயே நிறுத்துங்கள்.

1. கடல் ஏறும் நேரத்தைப் பாருங்கள்

நம் பக்கம் கடல் ஒரு நாளில் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை வற்றும். ஓர் ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் இடையே ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரம். அதனால் இன்றைய ஏற்றம் நாளைக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளி வரும். போன வாரம் சரியாக இருந்த நேரம் இந்த வாரம் சரியாக இருக்காது என்பது இதிலிருந்தே புரியும்.

அரச மலேசியக் கடற்படையின் கடலளவை மையம் ஆண்டுதோறும் இதற்கு அட்டவணை வெளியிடுகிறது. கைப்பேசியில் தேடுவதானால் 'ஜாடுவால் பாசாங் சூருட்' (jadual pasang surut) என்று மலாயில் போட்டு, கூடவே ஊர்ப் பெயரையும் போடுங்கள். போர்ட் கிள்ளான் நேரத்தை வைத்துக்கொண்டு போர்ட்டிக்சனுக்குப் போகாதீர்கள். இரண்டும் வேறு வேறு.

அட்டவணையில் நேரமும் மீட்டர் கணக்கில் உயரமும் இருக்கும். எடுத்துக்காட்டாக, காலை 10:00 மணிக்கு 3.8 மீட்டர், மாலை 4:10க்கு 1.6 மீட்டர் என்று இருந்தால், அந்த ஆறு மணி நேரத்தில் தண்ணீர் 2.2 மீட்டர் இறங்கப் போகிறது. இறக்கம் ஒரே சீராக இருக்காது. முதல் மணி நேரத்திலும் கடைசி மணி நேரத்திலும் மெதுவாக நகரும். நடுவில் வரும் இரண்டு மணி நேரத்தில் பாதிக்குப் பாதி இறங்கிவிடும். ஆகவே உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்து, உச்சம் கடந்து இரண்டு மணி நேரம் வரை இருந்தால் உங்களுக்கு முழுசாக நான்கு மணி நேரம் நல்ல கடற்கரை கிடைக்கும். குளிக்க, பிள்ளைகளை விளையாட விட, அது தாராளம்.

2. சுவரில் தொங்கும் நாட்காட்டியை எடுங்கள்

அட்டவணையைத் தேடச் சோம்பலாக இருந்தால், அடுப்படியில் தொங்குகிற தமிழ் நாட்காட்டியே முக்கால்வாசி வேலையைச் செய்துவிடும். கடலை ஏற்றி இறக்குவதில் பெரிய பங்கு நிலவுக்கு, கொஞ்சம் சூரியனுக்கு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டும் சேர்ந்து இழுப்பதால் ஏற்றமும் பெரிது, வற்றமும் பெரிது. அரை நிலவு நாளில், அதாவது அஷ்டமியை ஒட்டி, ஒன்றின் இழுப்பை மற்றொன்று குறைத்துவிடும். கடல் கொஞ்சம்தான் ஏறும், கொஞ்சம்தான் வற்றும்.

போர்ட் கிள்ளானில் பௌர்ணமி சமயத்து ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே 4 மீட்டருக்கு மேல் வித்தியாசம் வரும். சரிவே இல்லாத கரையில் 4 மீட்டர் இறங்கினால் தண்ணீர் எங்கே போய் நிற்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அதைவிட மோசம், கிள்ளான், மோரிப் பக்கத்தில் அமாவாசை, பௌர்ணமி நாட்களின் உச்ச ஏற்றம் பெரும்பாலும் காலை ஆறு மணி வாக்கிலும் மாலை ஆறு மணி வாக்கிலும் வருகிறது. நடுப்பகலில், குடும்பத்தோடு போய் இறங்கும் நேரத்தில், கடல் அடிவானத்தை ஒட்டி ஓடிவிட்டிருக்கும்.

நல்ல காரியத்துக்கு ஆகாது என்று பாட்டி ஒதுக்கிவைக்கும் அஷ்டமியும் நவமியும்தான் கடலில் இறங்க உகந்த நாட்கள். மண்டபமும் சும்மா கிடக்கும், கல்யாண அழைப்பும் வராது. என் கணக்கில் இன்னும் நல்லது பஞ்சமி, சஷ்டி: அந்தப் பக்கக் கரைகளில் காலை ஒன்பது, பத்து மணி வாக்கில் ஏற்றம் வரும், வெயில் ஏறுவதற்குள் ஆட்டம் போட்டுவிடலாம். சாயங்காலம் போகிறவர்களுக்குத் துவாதசி, திரயோதசி சரிப்படும். நாளை இப்படிப் பிடித்துவிட்டு, மணி நிமிடத்தை மட்டும் அட்டவணையில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வெயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1982இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள். அதனால் நமக்குச் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு இல்லை, ஒன்றேகால் வாக்கில். "மணி ரெண்டாச்சு, வெயில் இறங்கிடுச்சு" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நான்கரை வரை காய்ச்சும்.

3. இப்போது இடம்

மோரிப், பந்திங் வழியாக ஏறக்குறைய 70 கிலோமீட்டர். சவுக்கு மர நிழல் உண்டு, சாப்பாட்டுக் கடைகள் உண்டு, கூட்டம் பிடி அளவுக்கு இல்லை. ஏற்றத்தின்போது போனால் அருமையான இடம். வற்றத்தில் போனால் பட்டம் விடலாம், நண்டு பார்க்கலாம், குளிப்பதை மறந்துவிடலாம்.

பாகான் லாலாங் சிப்பாங் பக்கம், விமான நிலையத்தையும் கடந்து போக வேண்டும். நீளமான தட்டைக் கரை. நடக்க, பந்து விளையாட இதைவிட நல்ல இடம் பக்கத்தில் இல்லை. நீந்த ஆசைப்படுகிறவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான்; வெகுதூரம் நடந்தாலும் இடுப்பளவுக்குத் தண்ணீர் வராது.

போர்ட்டிக்சன் சுமார் 90 கிலோமீட்டர். சிரம்பான் வரை வந்து பிடி நெடுஞ்சாலையில் ஏறினால் போதும். முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். ஏற்ற வற்ற வித்தியாசம் கிள்ளானைவிடக் குறைவு, மணலும் அதிகம், ஆகவே நேரம் கொஞ்சம் தப்பினாலும் நாள் வீணாகாது. தெலுக் கெமாங்கில் கடை, பனானா போட், கூட்டம், சத்தம் எல்லாம் உண்டு. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும். வயதானவர்களோடு போனால் அதைத் தாண்டி தஞ்சோங் துவான் முனைப் பக்கம் போங்கள். காட்டு நிழல் இருக்கும். கலங்கரை விளக்கம் வரை ஏறிப் பார்க்கலாம். நெகிரி செம்பிலானுக்குள் இருந்தாலும் அந்த முனை மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. பிள்ளைகளிடம் புதிர் போட உதவும். குரங்குகள் உண்டு, பொட்டலத்தைப் பாயில் விட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கினால் திரும்பி வரும்போது இலைதான் இருக்கும்.

வெள்ளை மணலும் அலையும்தான் வேண்டும் என்பவர்கள் கிழக்குக் கரைக்கு, செராத்திங் பக்கம் போக வேண்டும். அது ஒரு நாள் பயணத்துக்குள் அடங்காது. நவம்பரிலிருந்து மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று அடிக்கும்போது அந்தக் கடலில் இறங்கவும் கூடாது.

4. கைப்பேசியில் வானிலிருந்து பாருங்கள்

வரைபடச் செயலியில் செயற்கைக்கோள் படத்துக்கு மாறி, போகப்போகும் கரையைப் பெரிதாக்குங்கள். பக்கத்தில் ஆற்று முகம் இருக்கிறதா? பாக்காவ் காட்டின் கரும்பச்சை தெரிகிறதா? இரண்டும் இருந்தால் சேறுதான். வெளிர்நிறப் பட்டை தெரிந்தால் மணல். ஆனால் அந்தப் படம் கடல் ஏறியிருந்தபோது எடுத்ததா வற்றியிருந்தபோது எடுத்ததா என்று தெரியாது. அதனால் ஆட்கள் போட்ட புகைப்படங்களையும் பாருங்கள். சூரியன் மறையும் படங்களைத் தள்ளிவிடுங்கள், அந்த வெளிச்சத்தில் சேறும் தங்கமாகத்தான் இருக்கும். பிள்ளைகள் நிற்கும் படத்தைப் பிடித்து அவர்கள் காலைப் பாருங்கள்.

5. போய் இறங்கியதும் பத்து நிமிடம்

சாமான்களை உடனே இறக்காதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஒருவர் மட்டும் தண்ணீர் வரை நடந்து பாருங்கள். குதிகாலை அழுத்தினால் மணல் வெளிறிப்போய் உடனே கெட்டிப்படும், தடம் விளிம்பு உடையாமல் நிற்கும். சேறென்றால் குதிகால் இறங்கிக்கொண்டே போகும், தூக்கும்போது உறிஞ்சும் சத்தம் கேட்கும். ஒரு கைப்பிடி அள்ளித் தண்ணீரில் அலசுங்கள். மணல் கோலமாவு போல விரலிடுக்கில் உதிர்ந்துவிடும். வண்டல் ரேகைகளுக்குள் கறுப்பாகத் தங்கிவிடும், லேசாக அழுகிய முட்டை நாற்றமும் வரும்.

தரையில் சின்னச் சின்ன மணல் உருண்டைகள் வட்டமாகப் பரவிக் கிடந்தால் சிறு நண்டுகளின் வேலை. இரையை எடுத்துக்கொண்டு மிச்சத்தை உருட்டிப் போட்டிருக்கும். அங்கே நடக்கத் தரை நன்றாக இருக்கும். கண் பிதுங்கிய சிறு மீன்கள் தரையில் தத்தித் திரிந்தால் அது சேறு, திரும்பிவிடுங்கள்.

அப்புறம் குப்பைக் கோட்டைத் தேடுங்கள். காய்ந்த இலை, குச்சி, நெகிழிப் புட்டி எல்லாம் ஒரே வரிசையில் ஒதுங்கியிருக்கும். போன ஏற்றம் அதுவரை வந்திருக்கிறது என்று அர்த்தம். பாயை அந்தக் கோட்டுக்கு மேலே விரியுங்கள். தென்னைக்கு அடியில் விரிக்காதீர்கள், காரணம் மேலே தொங்குகிறது.

6. தண்ணீரில் இறங்கும்போது

தட்டைக் கரையில் பயப்பட வேண்டியது அலையை விட ஏற்றத்தைத்தான். வற்றியிருக்கும்போது வெகுதூரம் நடந்து போனவர்களுக்குப் பின்னால் இருக்கும் வாய்க்கால்கள் முதலில் நிறையும். முன்னால் பார்த்தால் கடல் இன்னும் தள்ளித்தான் இருக்கும். தண்ணீர் திரும்பத் தொடங்கும் நேரத்தைத் தெரிந்துகொண்டு அதற்கு முன்பே கரைப் பக்கம் வந்துவிடுங்கள்.

கலங்கிய நீரில் காலைத் தூக்கி வைக்காமல் தரையைத் தேய்த்துக்கொண்டே நடங்கள். திருக்கை இருந்தால் அதிர்வு தெரிந்து விலகிவிடும். குத்திவிட்டால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்து உடனே மருத்துவமனைக்குப் போங்கள். சொறி மீன் பட்டால் தேய்க்கக் கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக் கூடாது; வினிகர் ஊற்றுங்கள். ஒரு புட்டி வினிகர் காரிலேயே கிடக்கட்டும். சிவப்புக் கொடி பறந்தால் இறங்காதீர்கள். அவசரத்துக்கு 999.

மே முதல் செப்டம்பர் வரை விடியற்காலையில் சுமத்ரா பக்கமிருந்து திடீரென்று காற்றும் மழையும் வரும். கடல் பக்கம் கறுப்பாகக் கோடு போட்டதுபோல் மேகம் தெரிந்தால் எல்லோரையும் வெளியே கூப்பிட்டுவிடுங்கள். இடி கேட்டால் மரத்தடி வேண்டாம், காருக்குள் உட்காருங்கள். வானிலைத் துறையின் மைசுவாச்சா செயலியைக் கிளம்புமுன் ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

7. சாமான்

புளிச்சோறு, அவித்த முட்டை, வறுத்த கோழி. குழம்பு வேண்டாம், காற்றில் மணல் விழும். குடிதண்ணீர் நினைப்பதைவிட இரண்டு மடங்கு எடுங்கள். கழிவறைக்கும் குளிக்கும் இடத்துக்கும் சில்லறைக் காசு வேண்டும். இருட்டுவதற்குள் கிளம்பிவிட்டால் சிரம்பான் நெரிசலில் பாதி தப்பும். காரில் ஏறுவதற்கு முன் காலைக் கழுவினாலும் மணல் ஒட்டிக்கொண்டே வரும். நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, குழந்தைக்குப் போடும் பவுடரைத் தூவித் தட்டிவிடுங்கள், மொத்தமும் உதிர்ந்துவிடும்.