ஆப்பச் சோடா போடாத வண்ண பிஸ்கட்

போன மே மாத விடுமுறைக்குப் பேத்தியும் பேரனும் திருநெல்வேலிக்கு வந்தபோது முதன்முதலாக மஞ்சள் பிஸ்கட் செய்தோம். ஓடிஜி என்கிற மின்சார அடுப்பைத் திறந்தால் செங்கல் நிறத்தில் உட்கார்ந்திருக்கிறது. "ஆச்சி, மஞ்சள் எங்கே?" என்றாள் பெரியவள். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறதே, அதே கதைதான். நான் போட்ட ஆப்பச் சோடாவும் சுண்ணாம்பு போலக் காரம். இத்தனை வருடம் ஆரத்தி கரைத்த கைக்கு அது முன்கூட்டியே தோன்றவில்லை பாருங்கள்.

அதனால் இந்த மாவில் சோடா கிடையாது, முட்டையும் கிடையாது. கணக்கு ஒன்று, இரண்டு, மூன்று: பொடித்த சீனி 50 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 100 கிராம், மைதா 150 கிராம். ஒரு சிட்டிகை உப்பு. அளக்கிற வேலையைப் பிள்ளைகள் எழுந்திருக்கும் முன்பே முடித்துவிடுங்கள். நாலு வயதுப் பையனின் பொறுமை கால் மணி நேரம்தான். அதைத் தராசுக்குச் செலவழிக்கக் கூடாது.

வெண்ணெயையும் சீனியையும் நன்றாகக் குழைத்து, மைதாவைச் சலித்துச் சேர்த்து, அழுத்திப் பிசையாமல் உருட்டி மூன்று பங்காக்குங்கள். சலிப்பது எங்கள் வீட்டில் பெரியவள் வேலை. அவளுக்கு ஆறு வயது. தரையெல்லாம் மாவாகும், ஆகட்டும்.

சிவப்புக்கு ஒரு சின்ன பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்து, சாற்றைச் சிறு தீயில் இரண்டு தேக்கரண்டியாக வற்றவிட்டு, நாலு சொட்டு எலுமிச்சை விடுங்கள். புளிப்பு இருந்தால் பீட்ரூட் நிறம் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். பச்சைக்குப் பாலக்கீரையைக் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டெடுத்து அரைத்து, துணியில் ஒட்டப் பிழிந்த விழுது ஒரு தேக்கரண்டி. மஞ்சளுக்குக் கால் தேக்கரண்டி மஞ்சள்தூளே போதும், கூடினால் குழம்பு வாசம் அடிக்கும். ஒவ்வொரு நிறத்தையும் ஒரு பங்கு மாவில் சேர்த்துப் பிசறுங்கள். மாவு கையில் ஒட்டினால் இன்னும் ஒரு கரண்டி மைதா. வெந்ததும் பச்சை கொஞ்சம் பாசி நிறமாகும், சிவப்பு மங்கும். கடைப் பொடியின் பளிச்சென்ற நிறம் இதில் வராது. எனக்கு அது வேண்டவும் வேண்டாம்.

அப்புறம் மாவை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். எங்கள் ஊர் வெயிலுக்கு வெண்ணெய் நிற்காது. அந்த அரை மணி நேரத்தில் பிள்ளைகளை என்ன செய்வது? கொல்லையில் பறித்த ஐந்தாறு நீலச் சங்குப்பூவை வெந்நீரில் போட்டேன். நீலத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்ததும் ஊதாவாக மாற, பேரன் ஒரு மூடி எலுமிச்சையையும் தீர்த்துவிட்டான்.

இரண்டு பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்துப் பூரிக்கட்டையால் அரை சென்டிமீட்டர் கனத்துக்குத் தேய்க்கலாம். அச்சு வாங்க வேண்டாம், பாட்டில் மூடி போதும். மூன்று நிறத்தையும் கயிறாக உருட்டிச் சுருட்டினால் நத்தை. வேகாத மாவைப் பிள்ளைகள் வாயில் போடத்தான் பார்ப்பார்கள். வேகாத மைதா ஆகாது, பக்கத்தில் ஒரு கிண்ணம் திராட்சை வைத்துவிடுங்கள்.

ஓடிஜியைப் பத்து நிமிடம் முன்னதாகவே 150 டிகிரியில் சூடாக்குங்கள். சூடு ஏறினால் நிறம் கருகும். அதன் முன் தரையில் கோலமாவால் நான் ஒரு கோடு போட்டுவிடுவேன், லட்சுமணன் கோடு. தட்டை வைப்பதும் எடுப்பதும் பெரியவர்கள் மட்டும். பன்னிரண்டு நிமிடத்திலிருந்தே எட்டிப் பாருங்கள். ஓரம் லேசாகப் பொன்னிறமானால் எடுத்துவிடலாம். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், வேகவில்லை என்று திரும்ப உள்ளே தள்ளாதீர்கள். பத்து நிமிடம் தட்டிலேயே ஆறினால் கெட்டிப்படும்.

நன்றாக ஆறியதும் எவர்சில்வர் டப்பாவில் போட்டால் ஒரு வாரம் இருக்கும். பேரன் செய்த பச்சை நத்தையை மட்டும் யாரும் தின்னக் கூடாதாம். அது இன்னும் டப்பா அடியில்தான் கிடக்கிறது.