எம்டன் குண்டு போட்ட ராத்திரியை கிளாஸ்ல நாடகமா போடுறது எப்படி

"அவன் சரியான எம்டன்டா"ன்னு வீட்ல பெரியவங்க யாராவது சொல்லி கேட்டிருக்கீங்களான்னு ஆரம்பிங்க. எட்டாங்கிளாஸ்ல நாலு கையாவது தூக்கும். அது ஒரு ஜெர்மன் போர்க்கப்பலோட பேருன்னு சொன்னா போதும், பாடத்தை அப்புறம் அவங்களே இழுத்துட்டு போவாங்க.

முன்கூட்டி குடுக்க வேண்டிய தகவல் கம்மி தான். 1914 செப்டம்பர் 22 ராத்திரி, மெட்ராஸ் துறைமுகத்துல விளக்கெல்லாம் வழக்கம் போல எரிஞ்சுகிட்டு இருக்கு, 9.30 மணி வாக்குல எம்டன் கரை கிட்ட வந்து 100 குண்டுக்கு மேல போட்டுச்சு, பர்மா ஆயில் கம்பெனி எண்ணெய் டேங்க் பத்திக்கிச்சு, துறைமுகத்துல நின்ன வணிகக் கப்பல்லயும் அடி விழுந்து ஆளுங்க செத்தாங்க, அப்புறம் ஜனங்க ஊரையே காலி பண்ணிட்டு கிளம்ப ஆரம்பிச்சாங்க. போர்டுல இவ்ளோ போதும்.

விட்டா எல்லாப் பயலும் கேப்டனா தான் நடிப்பான், மிச்சம் பேர் டமால் டுமீல். அந்த ரோலே கிடையாதுன்னு சொல்லிடுங்க. கரையில இருக்கவங்க மட்டும் தான்: ஜார்ஜ் டவுன்ல கடையை சாத்திட்டு இருக்குற முதலாளி, படகுக்காரர், புள்ளைய தூங்க வைக்கிற அம்மா, ஹைகோர்ட் கோபுரத்து மேல அப்ப இருந்த லைட்ஹவுஸ்ல டியூட்டி பார்க்குறவர்.

ஒரே கண்டிஷன், அந்த ஆளுக்கு அந்த நிமிஷம் என்ன தெரியுமோ அதை மட்டும் தான் பேசணும். முதல் தடவை நான் இதை சொல்லாம விட்டுட்டேன், ஒருத்தன் ஓடி வந்து "அய்யோ முதல் உலகப்போர் வந்துடுச்சு!"ன்னு கத்துறான், ரெண்டாவது ஒண்ணு வரப்போகுதுன்னு உனக்கு யாருடா சொன்னதுன்னு கேட்டேன், கிளாஸே சிரிச்சுது, ஆனா விஷயம் அங்க தான் புரிஞ்சுது. அப்ப ஊர்ல ரேடியோ கிடையாது. சத்தம் கேட்டா இடியா, பட்டாசான்னு தான் யோசிப்பான். முதல் சீன்ல எம்டன்ங்கற பேரே யார் வாயிலயும் வரக்கூடாது, சுட்டது யாருன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்லட்டும், வதந்தி எப்படி பொறக்குதுன்னு தனியா பாடம் எடுக்கவே வேண்டாம்.

கிளாஸ்ல இலங்கைல இருந்து வந்த குடும்பத்து புள்ளைங்க இருந்தா முன்னாடியே தனியா பேசிடுங்க. குண்டு சத்தம் எல்லாருக்கும் விளையாட்டு இல்ல.

எழுதுறது மறுநாள் வச்சுக்கோங்க. அதே கேரக்டர் ஊருக்கு போடுற கார்டு, பத்து வரி, தேதி செப்டம்பர் 23. ஆதாரம் இருக்குற வரி நீலப் பேனா, கற்பனை பண்ணது பச்சைப் பேனா. விடுதலைப் போராட்ட வீரர் செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பல்ல வந்தாருன்னு ஒருத்தராவது எழுதுவாங்க, நம்ம ஊர்ல ரொம்ப நாளா ஓடுற கதை, உறுதியான ஆதாரம் இல்ல, திட்டாதீங்க, இது எந்தப் பேனான்னு மட்டும் கேளுங்க. நவம்பர் 9-ல கோகோஸ் தீவு கிட்ட ஆஸ்திரேலியாவோட சிட்னி கப்பல் எம்டனை அடிச்சு முடிச்சதை கார்டெல்லாம் கைக்கு வந்தப்புறம் சொல்லுங்க.

ஹைகோர்ட் காம்பவுண்டு சுவர் பக்கம் எம்டன் கல்வெட்டு இருக்கு. சென்னைல இருக்குறவங்க நாடகம் போட்ட பிறகு கூட்டிட்டு போங்க, முன்னாடியே போனா செல்ஃபி எடுத்துட்டு ஐஸ்கிரீம் எங்கன்னு கேப்பானுங்க.