பல்லைக் கொண்டு வயது கணிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடையில் செட்டிநாட்டுக் கண்மாய்கள் வற்றும்போது எப்போதாவது அடையாளம் தெரியாத மண்டையோடு ஒன்று வெளிப்படும். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு போட்டு வாழ்ந்தவரின் பல் முன்கூட்டியே தேய்ந்து கறையேறியிருக்கும் என்பதால், தேய்மானத்தை மட்டும் பார்த்து வயது சொல்ல முடியாது. வேதியியல் முறை இங்கேதான் தேவைப்படுகிறது. பயிற்சிக்கு வருபவர்கள் ஆண்டுதோறும் அதே பிழைகளைச் செய்வதால் இதை எழுதுகிறேன்; சீட்டு ஒட்டாமை, கையுறை அணியாமை போன்றவற்றை விட்டுவிடுகிறேன்.

தாடையைக் கொதிக்க வைப்பது

இதை மட்டும் என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. ஆஸ்பார்டிக் அமிலம் என்ற அமினோ அமிலத்துக்கு ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்ற எல், டி என்ற இரு வடிவங்கள் உண்டு; உடல் புரதங்களில் அது எல் வடிவில் சேர்கிறது. எனாமலுக்கு உள்ளே இருக்கும், உடல் புதுப்பிக்காத பற்பகுதியான டென்டினில் அது உடல் வெப்பத்தில் மெல்ல மெல்ல டி வடிவத்துக்கு மாறுகிறது. இந்த விகிதத்தைக் கொண்டு வயதைக் கணிக்கலாம் என்று ஹெல்ஃப்மன், பாடா என்ற ஆய்வாளர்கள் 1970களின் நடுவில் காட்டினார்கள். ஆனால் இம்மாற்றம் வெப்பத்துக்குக் கட்டுப்பட்டது. வாயில் ஆண்டுக்கணக்கில் நடப்பது கொதிநீரில் மணிக்கணக்கில் நடந்துவிடும், சலவைச் சோடா போன்ற காரப்பொருள் சேர்ந்தால் இன்னும் விரைவாக நடக்கும்.

ஒருமுறை எங்களிடம் வந்த கீழ்த்தாடை பளிச்சென்று வெளுத்திருந்தது. வேரைச் சுரண்டியபோது டென்டின் மாவாக உதிர்ந்தது. தசையை நீக்கும் பொருட்டுச் சலவைச் சோடா போட்டு நெடுநேரம் கொதிக்க வைத்ததாக அனுப்பியவர்கள் பிறகு சொன்னார்கள். அந்தப் பல்லை அளந்திருந்தால், இளைஞராக இருந்தவரை நடுத்தர வயதினர் என்று எழுதியிருப்போம். காணாமற்போனோர் பட்டியலில் காவல் துறையினர் தவறான குடும்பத்தைத் தேடிப் போயிருப்பார்கள், உரிய குடும்பம் காத்துக்கொண்டே இருந்திருக்கும். பல்லைப் பிடுங்கித் தனியே எடுத்து, குளிர்ந்த நீரில் கழுவி, நிழலில் உலர்த்துங்கள். தசை நீக்கும் வேலை அதற்குப் பிறகு நடக்கட்டும்.

நீரில்லாமல் வெட்டுவது

ரம்பத்தின் உராய்வும் வெப்பமே.

வேறு பல்லின் அளவுகோலைப் பயன்படுத்துவது

கடைவாய்ப் பல்லும் முன்பல்லும் ஒரே வயதில் உருவாவதில்லை; வாய்க்குள் அவை உணரும் வெப்பமும் ஒன்றன்று. மேலும், புரதத்தை அமிலத்தில் சிதைக்கும் படியிலேயே சிறிதளவு டி வடிவம் உண்டாகும். ஆகவே வயது தெரிந்தவர்களின் அதே வகைப் பற்களை, உங்கள் ஆய்வகத்திலேயே, அதே முறையில் அளந்து, டி வடிவத்தின் அளவையும் வயதையும் இணைக்கும் அளவுகோல் கோட்டை வரையுங்கள்.

ஒரே எனாமலோடு கார்பன் 14 கணக்கை முடிப்பது

1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன் 14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறி, அச்சோதனைகளைக் கட்டுப்படுத்திய 1963ஆம் ஆண்டு ஒப்பந்தத்திற்குப் பின் இறங்கியது. பல்லின் கடினமான வெளிப்பூச்சான எனாமல் உருவான காலத்தின் அளவு அதிலேயே தங்கிவிடுவதால் பிறந்த ஆண்டைக் கணிக்க முடிகிறது. எனினும் ஒரே அளவு ஏறுமுகத்திலும் இறங்குமுகத்திலும் வரும். வெவ்வேறு வயதில் உருவான இரண்டு பற்களை ஒப்பிட்டால்தான் எந்தப் பக்கம் என்று தெரியும்.

எரிந்த பல்

சுடுகாட்டில் பாதி எரிந்து கிடைத்த பல்லில் ஆஸ்பார்டிக் முறையை முயல வேண்டாம். அறிக்கையில் 'கணிக்க இயலவில்லை' என்று எழுதுங்கள்.