நியோடிமியம் பாஸ்பேட் கண்ணாடியில் 1054 நானோமீட்டர் ஒளிர்வைக் கூட்டுவது எப்படி

ஒளிர்வு மங்கலாக இருந்தால் நியோடிமியத்தைக் கூட்டிப் பார்க்கத்தான் முதலில் தோன்றும். பாஸ்பேட் கண்ணாடியில் அது பெரும்பாலும் நிலைமையை மோசமாக்கும். முதலில் கண்ணாடிக்குள் தங்கியிருக்கும் ஈரத்தை வெளியேற்றுங்கள். நியோடிமியத்தின் அளவைப் பிறகு திருத்தலாம்.

நியோடிமியம் அயனியில் 1054 நானோமீட்டர் ஒளி புறப்படும் மேல் ஆற்றல் மட்டத்துக்கும் அதற்கு நேர் கீழே உள்ள மட்டத்துக்கும் இடைவெளி சுமார் 5500 செ.மீ⁻¹ (இங்கே இது ஆற்றலின் அலகு). பாஸ்பேட் வலையின் சொந்த அதிர்வு 1100–1200 செ.மீ⁻¹ தான். ஐந்து அதிர்வுகள் ஒன்றுசேர்ந்தால்தான் அந்த இடைவெளி நிரம்பும், அது அரிது. ஈரம் கண்ணாடிக்குள் ஹைட்ராக்சிலாக (OH) ஒட்டியிருக்கும். அதன் அதிர்வோ 3000 செ.மீ⁻¹ வாக்கில் இருக்கிறது, இரண்டே போதும். ஒளியாக வரவேண்டிய ஆற்றல் வெப்பமாகிவிடும். நியோடிமியம் அயனிகள் நெருக்கமாக இருந்தால் ஆற்றல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக்கொண்டே போய் எங்காவது ஒரு ஹைட்ராக்சிலில் மாட்டிக்கொள்ளும். ஈரக் கண்ணாடியில் நியோடிமியத்தைக் கூட்டக் கூட்ட ஒளிர்வு ஆயுட்காலம், அதாவது தூண்டிய பின் ஒளிர்வு நீடிக்கும் நேரம், சரிவது இதனால்தான்.

100 கிராம் கண்ணாடிக்கான கலவை: அலுமினியம் மெட்டாபாஸ்பேட் 39.29 கிராம், பேரியம் மெட்டாபாஸ்பேட் 30.78, பொட்டாசியம் மெட்டாபாஸ்பேட் 26.37, நியோடிமியம் ஆக்சைடு 2.51, பாஸ்பரஸ் பென்டாக்சைடு 1.06. இதில் நியோடிமியம் ஆக்சைடு 1 மோல் சதவீதம்; கன செ.மீ.க்கு ஏறத்தாழ 2.5 × 10²⁰ அயனிகள். உருக்கும்போது பாஸ்பரஸ் ஆக்சைடு ஆவியாகும். மூசையை (உருக்கும் பாத்திரத்தை) முன்னும் பின்னும் எடைபோட்டு, குறைந்த அளவை அடுத்த உருக்கில் ஈடுகட்டுங்கள். அம்மோனியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட் மலிவு என்று அதைப் போடாதீர்கள். அது தண்ணீரைக் கொண்டுவரும். அதிலிருந்து வரும் அம்மோனியா பாஸ்பேட்டை ஒடுக்கும். அப்படிப் பிறக்கும் பாஸ்பரஸ் பிளாட்டினம் மூசையை அரித்து ஓட்டையாக்கும்.

நியோடிமியம் ஆக்சைடு டப்பாவில் இருக்கும்போதே ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். வெளிர்நீலமாக இருக்கவேண்டிய தூள் இளஞ்சிவப்பு கலந்த ஊதாவாகத் தெரிந்தால் அது ஹைட்ராக்சைடாக மாறிவிட்டது. நீங்கள் எடைபோட்ட 2.51 கிராமில் நியோடிமியம் குறைவு, ஈரம் அதிகம். 950 டிகிரி செல்சியஸில் இரண்டு மணிநேரம் சுட்டு, உலர்கலனில் ஆறவைத்து, உடனே நிறுங்கள். தூய்மை 99.99 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. டிஸ்ப்ரோசியம், சமாரியம் போன்றவை சிறிதளவு இருந்தாலும் ஒளிர்வை விழுங்கும்.

உருக்குவதை இரண்டு கட்டமாகப் பிரியுங்கள். முதலில் மூடியிட்ட சிலிக்கா மூசையில் 1150–1200 டிகிரியில் உருக்கி, சிலிக்கா குழாய் வழியாக உலர் ஆக்சிஜனை ஒன்று முதல் இரண்டு மணிநேரம் குமிழவிடுங்கள். வாயு, ஈரத்தை உறிஞ்சும் மூலக்கூறு சல்லடை வழியாக வரட்டும். சல்லடை பழசாகியிருந்தால் நீங்களே ஈரத்தை உள்ளே ஊதுகிறீர்கள். ஆக்சிஜன் மட்டும் போதாதபோது குளோரின் கலந்தால் ஹைட்ராக்சில் ஹைட்ரஜன் குளோரைடாக மாறி விரைவில் வெளியேறும். கழிவுவாயுவைக் காரநீரில் கழுவும் அமைப்பும் நல்ல புகைபோக்கியும் இல்லாத ஆய்வகத்தில் அதைத் தொடவே வேண்டாம். அமெரிக்காவின் நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டி என்ற லேசர் ஆய்வு நிலையத்துக்காக ஹோயா, ஷாட் என்ற கண்ணாடி நிறுவனங்கள் இவ்வகைக் கண்ணாடியில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பலகைகளை வார்த்தபோதும் ஈரம் நீக்குவதைத் தனிக் கட்டமாகவே வைத்திருந்தார்கள்.

அடுத்து பிளாட்டினம் மூசைக்கு மாற்றி, ஆக்சிஜன் சூழலிலேயே கிளறுங்கள். பிளாட்டினத் துகள்கள் கரையவும், இரும்பு மூன்றாம் இணைதிறனில் நிற்கவும் ஆக்சிஜன் தேவை. இரண்டாம் இணைதிறன் இரும்பு 1 மைக்ரோமீட்டர் அருகே ஒளியை உறிஞ்சும். நியோடிமியத்தின் ஊதா நிறம் மாசை மறைத்துவிடும் என்பதால், அதே பொருள்களில் நியோடிமியம் இல்லாத ஒரு கட்டியையும் வார்த்தெடுங்கள். அதில் நீலப்பச்சைச் சாயல் தெரிந்தால் இரும்போ செம்போ புகுந்திருக்கிறது. இந்தக் கண்ணாடி வெப்பத்தில் அதிகம் விரியும், குளிர்ந்த அச்சில் ஊற்றினால் வெடிக்கும். அச்சை 450 டிகிரிக்குச் சூடாக்கி ஊற்றி, 485 டிகிரியில் இரண்டு மணிநேரம் வைத்து, மணிக்கு 20 டிகிரி வீதம் இறக்குங்கள்.

ஈரம் போனதா என்று அகச்சிவப்பு நிறமாலைமானியில் பாருங்கள். இருபுறமும் மெருகேற்றிய 2 மி.மீ. துண்டு போதும். 5000 செ.மீ⁻¹ இல் 0.90 ஊடுருவலும் 3000 இல் 0.12 ஊடுருவலும் வந்தால், அவற்றின் விகிதத்தின் இயல் மடக்கையை 0.2 செ.மீ. ஆல் வகுக்க 10 செ.மீ⁻¹ கிடைக்கும், அது ஈரக் கண்ணாடி. 3000 இல் 0.70 வந்தால் 1.26. இரண்டுக்குக் கீழே கொண்டுவருவதை இலக்காக வையுங்கள்.

ஆயுட்காலத்தை 802 அல்லது 808 நானோமீட்டர் துடிப்பு டையோடால் தூண்டி, 1054 வடிகட்டிக்குப் பின்னால் இண்டியம் காலியம் ஆர்சனைடு உணரியில் அளவிடுங்கள். உணரியின் சுமை மின்தடையைப் பெரிதாக வைத்தால் சமிக்ஞை உயரும், ஆனால் உணரி மெதுவாகி ஆயுட்காலம் நீளமாகத் தெரியும். தடித்த துண்டும் அதே பொய்யைச் சொல்லும்: 880 நானோமீட்டர் ஒளி உள்ளேயே மறுபடி உறிஞ்சப்பட்டு மறுபடி வெளிவரும். 1 மி.மீ. துண்டில் விளிம்பருகே தூண்டுங்கள். நன்றாக உலர்ந்த, நியோடிமியம் குறைந்த இவ்வகைக் கண்ணாடியில் 350 மைக்ரோவினாடிக்கு மேல் எதிர்பார்க்கலாம்.

ஈரம் இரண்டுக்குக் கீழே இருந்தும் ஆயுட்காலம் குறைவாக வந்தால், நியோடிமியம் ஆக்சைடு 0.2 மோல் சதவீதத்தில் இன்னொரு கட்டி வார்த்தெடுங்கள். அதில் ஆயுட்காலம் நீண்டால் நியோடிமியம் அயனிகள் ஒன்றையொன்று தணிக்கின்றன, அளவைக் குறையுங்கள். அதிலும் குறுகியே இருந்தால் மூலப்பொருள் மாசைத் தேடுங்கள்.