பனிக்காலத்தில் சைக்கிளா? முட்டியை மூடுங்கள்

ஊட்டியில் டிசம்பர், ஜனவரி விடிகாலைகளில் புல்லெல்லாம் உறைபனி. ஸ்வெட்டர், மப்ளர், குல்லா என்று மேலே எல்லாம் மாட்டிக்கொண்டு, கீழே அரை டிராயரோடு சைக்கிள் எடுப்பவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது.

முட்டிச் சில்லுக்கு மேல் சதைப்பற்றே கிடையாது. தோலுக்கு அடியில் நேராக எலும்பும் தசைநாணும்தான். குளிரில் தசைநாண் விறைத்துப்போகும்; அந்த நிலையில் ஓங்கி மிதித்தால் வலி பிடித்துக்கொள்ளும். அதனால் 15 டிகிரிக்குக் கீழே போனால் முழுக்கால் பேன்ட் கட்டாயம். முட்டியுறை இருந்தால் இன்னும் நல்லது, வெயில் ஏறியதும் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளலாம்.

முதல் கால் மணி நேரம் சமதளத்தில், லேசான கியரில், வேகமாகச் சுற்றி மிதியுங்கள். எடுத்த எடுப்பில் தொட்டபெட்டா ஏற்றம் வேண்டவே வேண்டாம்.

பலரும் கவனிக்காதது இறக்கம்தான். குன்னூர் பக்கம் இறங்கும்போது கால் சும்மா இருக்கும், எதிர்காற்று நேராக முட்டியில் அடிக்கும். நேரான இடங்களில் அவ்வப்போது பெடலைச் சுற்றிக்கொண்டே இருங்கள். பேன்ட்டுக்குள் முட்டிமேல் ஒரு செய்தித்தாளை மடித்து வைத்தாலும் காற்று ஏறாது.

முட்டியின் முன்பக்கம் அடிக்கடி வலித்தால் சீட் தாழ்வாக இருக்கிறதா என்றும் பாருங்கள். வீக்கம் இருந்தால் ஓட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள்.