தேம்ஸ் ஆற்றில் சொந்த மோட்டார் படகு: முதல் பருவத்துக்கான வழிகாட்டி

இங்கிலாந்தில் பொழுதுபோக்குக்காகச் சொந்தப் படகு ஓட்டுவதற்கு ஓட்டுநர் உரிமம் எதுவும் தேவையில்லை என்பதால், காரை ஓட்டத் தெரிந்தவர் எவரும் ஒரு பழைய மோட்டார் படகை வாங்கிய அன்றே தேம்ஸில் இறங்கிவிடலாம். ஆழம் தெரியாமல் காலை விடுவது என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். புதிதாக வருபவர் தடுமாறும் இடங்களைக் கூர்ந்து பார்த்தால், பெரும்பாலானவற்றுக்கு ஒரே காரணம்தான் இருக்கும்: தம் காலடியில் இருக்கும் நீர் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல் படகைத் திருப்புவதும், கட்டுவதும், கிளப்புவதும். ஆகவே இந்த வழிகாட்டி எஞ்சினைவிட நீரோட்டத்துக்கே அதிக இடம் தருகிறது.

முதலில், எங்கே ஓட்டுவது என்பதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். லெச்லேட் ஊரிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு, ரெடிங், ஹென்லி, வின்ட்சர் வழியாக டெடிங்டன் வரை ஏறக்குறைய 200 கி.மீ. நீளத்துக்கு ஆறு கடலின் ஏற்றவற்றம் எட்டாத நன்னீர்ப் பாதையாக இருக்கிறது. இதை என்விரான்மென்ட் ஏஜென்சி என்னும் அரசு அமைப்பு நிர்வகிக்கிறது. டெடிங்டனுக்குக் கீழே ஏற்றவற்றம் தொடங்கிவிடும், நிர்வாகமும் லண்டன் துறைமுக ஆணையத்திடம் போய்விடும். முதல் பருவத்தில் அந்த எல்லையைத் தாண்டாமல் இருப்பதே நல்லது.

காகித வேலைகள் கடினமானவை அல்ல, ஆனால் தவிர்க்க முடியாதவை. படகை ஏஜென்சியிடம் பதிவு செய்ய வேண்டும். ஆண்டுப் பதிவு ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை செல்லும், கட்டணம் படகின் நீள அகலத்தைப் பொறுத்து அமையும். அதனுடன் மூன்றாம் தரப்புக் காப்பீடும், நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய படகுப் பாதுகாப்புச் சான்றிதழும் வேண்டும். பழைய படகு வாங்குபவர்கள் இந்தச் சான்றிதழில் இன்னும் எத்தனை மாதம் மிச்சம் இருக்கிறது என்று பார்த்த பிறகே விலை பேச வேண்டும். காலாவதியாகும் தறுவாயில் உள்ள படகு மலிவாகக் கிடைப்பதற்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும்.

படகைத் தேர்ந்தெடுக்கும்போது புதியவர்கள் குதிரைத்திறனைத்தான் முதலில் கேட்கிறார்கள். இந்த ஆற்றில் வேக வரம்பு மணிக்கு 8 கி.மீ., அதாவது வேகமாக நடப்பவரின் வேகத்தைவிடச் சற்றே கூடுதல் என்பதால், பெரிய எஞ்சின் எரிபொருளைத்தான் குடிக்கும். ஐந்தாறு மீட்டர் நீளமுள்ள ஃபைபர் படகுக்கு 10 முதல் 20 குதிரைத்திறன் கொண்ட நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார், அதாவது படகின் பின்புறத்தில் வெளியே மாட்டும் மோட்டார், போதுமானது. எதிரோட்டத்தில் ஏறுவதற்கும், அவசரத்தில் பின்னோக்கி இழுத்து நிறுத்துவதற்கும் அதில் வலு இருக்கும். எஞ்சினைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது படகின் உயரம். ஆக்ஸ்ஃபோர்டிலுள்ள ஓஸ்னி பாலத்தின் அடியில் வழக்கமான நீர்மட்டத்தில் 2.28 மீட்டர் இடைவெளிதான் உண்டு; மேல்தளம் உயர்ந்த படகுகள் அதோடு நின்றுவிட வேண்டியதுதான். விற்பவர் நீங்கள் வருமுன்பே எஞ்சினைச் சூடேற்றி வைத்திருந்தால், ஆறவிட்டு மீண்டும் கிளப்பிக் காட்டச் சொல்லத் தயங்காதீர்கள்.

இனி ஓட்டுவதற்கு வருவோம். காரின் முன்சக்கரம் திரும்பினால் பின்பக்கம் அதைத் தொடர்ந்து வரும். படகிலோ பின்புறம் எதிர்ப்பக்கமாக வெளியே வீசும். கரையை ஒட்டி நிற்கும் படகை, நேராக வெளியே திருப்பிக் கிளப்ப முயன்றால் பின்மூலை கரையில் இடித்து உரசுவது இதனால்தான். முன்புறத்தையோ பின்புறத்தையோ கையால் தள்ளி, ஓடும் நீர் அந்த இடைவெளியில் புகுந்து படகை விலக்கும்வரை ஓரிரு விநாடி பொறுத்திருந்து, பிறகு கியரைப் போடுங்கள். கரை சேரும்போது எப்போதும் எதிரோட்டமாகவே வர வேண்டும். நீரோட்டத்தோடு வந்துகொண்டிருந்தால், நிறுத்தும் இடத்தைத் தாண்டிச் சென்று, அகலமான இடத்தில் படகைத் திருப்பி, மேல்நோக்கி ஏறி வாருங்கள். அப்போது எஞ்சின் மெல்ல முன்னோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும்போதே படகு கரையோடு ஒப்பிட அசையாமல் நிற்கும். திசைதிருப்பும் கட்டுப்பாடும் கையில் இருக்கும். முதலில் முன்கயிற்றைக் கட்டுங்கள். பின்கயிற்றை முதலில் கட்டினால், நீர் முன்புறத்தை வெளியே தள்ளிப் படகையே குறுக்காகத் திருப்பிவிடும்.

வேக வரம்பையும் நீரோட்டத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். மணிக்கு 8 கி.மீ. என்பது ஆற்றுப்படுகையை வைத்துக் கணக்கிடப்படுவது, கைப்பேசியின் ஜிபிஎஸ் காட்டும் வேகமும் அதுதான். ஆற்று நீர் மணிக்கு 3 கி.மீ. வேகத்தில் ஓடும் நாளில் கீழ்நோக்கிப் போனால், நீரைக் கிழித்து 5 கி.மீ. வேகத்தில் மட்டுமே நீங்கள் செல்ல முடியும்; அந்த அளவுக்குத் திருப்புவதும் மந்தமாகும். இதனாலேயே குறுகிய வளைவிலும் பாலத்தின் கீழும், மேல்நோக்கி வரும் படகு காத்திருந்து, கீழ்நோக்கி வரும் படகுக்கு வழிவிட வேண்டும் என்ற விதி இருக்கிறது. நம் ஊர் சாலைப் பழக்கத்துக்கு மாறாக, ஆற்றில் வலப்பக்கமாகவே செல்ல வேண்டும்.

இரு வாயில்களுக்கு இடையே நீரை ஏற்றியோ இறக்கியோ படகை அடுத்த நீர்மட்டத்துக்குக் கொண்டுசேர்க்கும், லாக் எனப்படும் நீர்ப்பூட்டுகள் புதியவர்களை அதிகம் மிரட்டுபவை. லாக் கீப்பர் என்னும் பணியாளர் பணியில் இருந்தால் அவரே வாயில்களை இயக்குவார். காத்திருக்கும் துறையில் வரிசையில் நின்று, அவர் சைகை காட்டியபின் மெதுவாக உள்ளே நுழைந்து, எஞ்சினையும் பாட்டையும் நிறுத்திவிட வேண்டும். பிறகு முன்னும் பின்னுமாக இரு கயிறுகளையும் கரையிலுள்ள தூண்களைச் சுற்றி மடித்து, நுனியைப் படகிலேயே கையில் பிடித்துக்கொள்ளுங்கள். முடிச்சுப் போடவே கூடாது. நீர் இறங்க இறங்கக் கயிற்றை விட்டுக்கொடுக்க வேண்டும். முடிச்சுப் போட்ட கயிறு இறுகிவிட்டால், கீழே நீர் போய்க்கொண்டிருக்கப் படகு மட்டும் சுவரில் தொங்கும், அதற்கு மேல் முடிச்சை அவிழ்க்கவும் இயலாது. மேலேறும்போது உள்ளே பாயும் நீர் படகை முன்னும் பின்னும் இழுக்குமாதலால், தளர்ந்த கயிற்றை உடனுக்குடன் இழுத்துக்கொள்ள வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வதும், சுவருக்கும் படகுக்கும் நடுவே கையையோ காலையோ கொடுத்துத் தள்ளுவதும் விரல்களைப் பலி கேட்கும் பழக்கங்கள்.

ஒவ்வொரு லாக்கிலும் நீரோட்ட எச்சரிக்கைப் பலகை இருக்கும். மஞ்சள் பலகை நீரோட்டம் கூடுகிறது என்று சொன்னால், மோட்டார் படகுகள் பாதுகாப்பான இடம் தேடிக் கட்டிவிட வேண்டும். குறைகிறது என்று சொன்னால் எச்சரிக்கையோடு செல்லலாம். சிவப்புப் பலகை வைத்திருந்தால் எந்தப் படகும் புறப்படக் கூடாது என்பதே ஏஜென்சியின் அறிவுரை. மழை நின்று வெயில் அடிக்கிறதே என்று பலகையைச் சந்தேகிக்காதீர்கள். மேற்பகுதியில் பெய்த மழை கீழே வந்து சேர நாட்கள் ஆகும். லாக்குகளின் பக்கத்திலேயே தடுப்பணைகள் இருப்பதால், எஞ்சின் நின்றுபோன படகு நீரோட்டத்தில் எங்கே இழுத்துச் செல்லப்படும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நங்கூரம் சங்கிலியும் கயிறும் பூட்டப்பட்டு, மூட்டைகளுக்கு அடியில் புதையாமல், கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும்.

எஞ்சின் நிற்பதற்கான காரணங்களில் பலவற்றைப் புறப்படும்போதே கண்டுபிடித்துவிடலாம். அவுட்போர்டைக் கிளப்பியவுடன் அதன் பக்கவாட்டிலிருந்து மெல்லிய நீர்த்தாரை பீய்ச்சியடிக்கிறதா என்று பாருங்கள். குளிர்விக்கும் நீர் சுற்றுகிறது என்பதற்கு அதுவே அடையாளம். தாரை மெலிந்தால் உறிஞ்சுதுளையில் நீர்ப்பாசியோ பிளாஸ்டிக் பையோ அடைத்திருக்கும். எஞ்சினை நிறுத்திச் சுத்தம் செய்யுங்கள். 2021 செப்டம்பரிலிருந்து அந்நாட்டுச் சாதாரண பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. அது ஈரத்தை உறிஞ்சுவதால், வாரக்கணக்கில் நின்றுகிடக்கும் படகுக்கு எத்தனால் குறைந்த இ5 பெட்ரோலே ஏற்றது. கழற்றக்கூடிய டேங்க்கைக் கரையில் வைத்தே நிரப்புங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானதாகையால், சிந்தியது படகின் அடித்தளத்தில் தேங்கி ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். தங்கும் அறையுள்ள படகில் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். ஓட்டுபவர் தவறி விழுந்தால் எஞ்சினை நிறுத்தும் கில் கார்டு கயிற்றைத் தொடையில் மாட்டாமல் கிளப்பவே கூடாது.

இவ்வளவையும் படித்துவிட்டுத் தனியாக இறங்குவதைவிட, ராயல் யாட்டிங் அசோசியேஷன் அங்கீகரித்த உள்நாட்டு நீர்வழிப் பயிற்சியை முதலில் முடிப்பதையே நான் பரிந்துரைப்பேன்; ஓரிரு நாளில் முடிந்துவிடும். அதன்பின் உங்கள் படகு நிற்கும் பகுதியிலுள்ள படகோட்டிகள் சங்கத்தில் சேருங்கள். அங்கே "எந்த எஞ்சின் நல்லது?" என்று கேட்டால் மாலை முழுவதும் வாக்குவாதம்தான் நடக்கும். இந்தப் பகுதியில் மண்திட்டு எந்த வளைவில் சேர்கிறது, எந்தப் பாலத்தின் எந்த வளைவில் ஓட்டம் பக்கவாட்டில் இழுக்கும், துடுப்புப் படகுக்காரர்கள் எந்நேரம் பயிற்சி செய்வார்கள் என்று கேளுங்கள். பின்னோக்கி அமர்ந்து துடுப்பு வலிப்பவருக்கு நீங்கள் வருவது தெரியாது. வழிவிடும் பொறுப்பும் உங்களுடையதே. ஹென்லியில் ஜூலை முதல் வாரத்தையொட்டி ராயல் ரெகாட்டா என்னும் துடுப்புப் படகுப் போட்டி நடக்கும் நாட்களில் அங்கே முதன்முறையாகப் படகோட்டிப் பழகத் துணியாதீர்கள்.

குளிர்காலத்துக்குப் படகை நிறுத்திவைப்பதானால், அக்டோபர் முடிவதற்குள் கார்புரேட்டரிலுள்ள பெட்ரோலை வடித்து, கியர் எண்ணெயை மாற்றி, பேட்டரியை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். ஆற்றிலேயே விட்டுவைக்கும் படகின் கயிறுகள், நீர்மட்டம் ஒரே இரவில் உயர்ந்தாலும் படகு கரைமேல் ஏறாமலும், வடியும்போது தொங்காமலும் இருக்கும் அளவுக்கு நீளமாகவும், முன்னும் பின்னும் விலகிய கோணத்திலும் கட்டப்பட்டிருக்க வேண்டும். 2024 ஜனவரியில் வந்ததைப் போன்ற வெள்ளத்தில் கரையே நீருக்கடியில் போய்விடும் என்பதால், அப்போது போய்ச் சரிசெய்வதற்கு வழி இருக்காது. கனமழை அறிவிப்பு வந்ததும், வெள்ளம் ஏறுவதற்கு முன்பே நேரில் சென்று கயிறுகளைப் பாருங்கள். முடியாவிட்டால் பக்கத்துப் படகுக்காரரிடம் ஒரு சாவியையும் உங்கள் தொலைபேசி எண்ணையும் முன்கூட்டியே கொடுத்துவையுங்கள்.