சுவரில் தொங்குவது உரிமம் இல்லை: சித்த, ஆயுர்வேத, ஓமியோபதி மருத்துவரின் பதிவைப் பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்ணாடிச் சட்டம் போட்டு, பொன்னிற முத்திரையோடு சுவரில் தொங்கும் சான்றிதழையே பலர் உரிமம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். பட்டம், படித்ததற்கு அத்தாட்சி. வைத்தியம் பார்க்கும் உரிமை கவுன்சில் பதிவில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டில் சித்தாவுக்குச் சித்த மருத்துவக் கவுன்சில். ஆயுர்வேதம், யுனானிக்கு இந்திய மருத்துவ வாரியம். ஓமியோபதிக்குத் தனிக் கவுன்சில். தான் எதில் பதிந்திருக்கிறார் என்று சொல்லத் தயங்குகிறவரிடம் நாடி பார்க்கக் கையை நீட்ட வேண்டாம்.

அதிகம் பேர் சறுக்குவது ‘பதிவு எண்’ விஷயத்தில். போர்டில் ‘அரசு பதிவு எண்’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அருகில் உள்ள பொடி எழுத்தைப் படித்தால், அது சான்றிதழ் கொடுத்த சங்கத்தின் அல்லது அறக்கட்டளையின் எண். ஊர் நலச் சங்கத்துக்கும்கூட அப்படியொரு எண் உண்டு! மருந்துச் சீட்டிலுள்ள பெயர், எண், கவுன்சில் மூன்றையும் குறித்துக்கொண்டு, கவுன்சில் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். எண் இருக்கிறது, ஆனால் பெயர் வேறு என்றால், இன்னொருவர் பதிவில் கிளினிக் ஓடுகிறதா என்று சந்தேகப்படலாம்.

சித்தாவுக்கான பி.எஸ்.எம்.எஸ்., ஆயுர்வேதத்துக்கான பி.ஏ.எம்.எஸ்., ஓமியோபதிக்கான பி.எச்.எம்.எஸ். எல்லாமே ஓராண்டுப் பயிற்சியும் சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. அஞ்சல் வழியில் வாங்கிய ‘எம்.டி. மாற்று மருத்துவம்’ இவற்றுக்கு ஈடாகாது. எலெக்ட்ரோ ஓமியோபதி என்ற அங்கீகாரம் இல்லாத வேறு முறையை ஓமியோபதி என்று குழப்பிக்கொள்பவர்களும் உண்டு. இப்படி அங்கீகாரம் இல்லாத முறைகளில் பட்டமோ பட்டயமோ வழங்கக் கூடாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2003 நவம்பரிலேயே ஆணையிட்டுவிட்டது.

பரம்பரை வைத்தியர்களில் ஆர்.ஐ.எம்.பி. (பதிவு பெற்ற இந்திய மருத்துவ முறை வைத்தியர்) பதிவு பெற்றவர்கள் இருக்கிறார்கள். அது செல்லுபடியாகும் பதிவுதான். ஆனால் ஆளுக்கு உரியது, வீடு நிலம் போலக் கைமாறாது. அப்பாவின் எண்ணை வைத்து மகன் மருந்து கொடுத்தால், அவர் பதிவு இல்லாதவரே.

பதிவு பெற்றவரும் எல்லை தாண்டக் கூடாது. ஓமியோபதி படித்தவர் காய்ச்சலுக்கு அலோபதி மருந்து கொடுத்து நோயாளி இறந்த பூனம் வர்மா வழக்கில், படிக்காத முறையில் வைத்தியம் செய்ததே கவனக்குறைவு என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

‘சர்க்கரை நோய் அடியோடு குணமாகும்’ என்ற துண்டறிக்கையை நம்பிப் போவது இன்னொரு தவறு. 1954ஆம் ஆண்டின் மருந்து, மாய நிவாரண விளம்பரத் தடைச் சட்டப்படி அந்த விளம்பரமே குற்றம். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை கிடைக்கலாம்.

மருந்திலும் கவனம் தேவை. தன் நோயாளிக்கு வைத்தியரே இடித்துக் கொடுக்கும் சூரணத்துக்குத் தயாரிப்பு உரிமம் வேண்டியதில்லை. அதே சூரணம் டப்பாவில் அடைத்துக் கடைக்கு வந்தால் உரிம எண், பேட்ச் எண், தயாரித்தவர் முகவரி மூன்றும் லேபிளில் இருக்க வேண்டும். இல்லையென்றால் பில்லோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.